கலியாண வீடியோவுக்கு நாங்கள் கட்டிய பெட்டி

இப்போது கணினி கட்டுகிற பிள்ளைகள் ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் சாமான்களைத் தெரிவு செய்கிறார்கள். எந்தப் புரொசசருக்கு எந்த மதர்போர்ட் பொருந்தும், எத்தனை வாட்ஸ் பவர் சப்ளை போதும் என்று அந்தப் பக்கமே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுகிறது. வேகத்தைக் கூட்டுவதும் அப்படித்தான். மதர்போர்டே தன்னால் இயன்ற மட்டும் ஓடிப் பார்த்து, தாங்குகிற வேகத்தில் தானாகவே நின்றுகொள்கிறது. நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஓய்வு பெற்ற அன்று தேத்தண்ணியும் கேக்கும் வைத்துவிட்டு, "அன்ரி, அந்தக் காலத்தில நீங்கள் என்னண்டு இதெல்லாம் தெரிவு செய்தனீங்கள்?" என்று கடைப் பிள்ளைகள் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. அந்தக் காலமாம். இரண்டாயிரத்து நான்கு, ஐந்து என்பது என்ன, பறங்கியர் காலமா? அன்றைக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை, எல்லோருக்கும் கேக் வெட்டுகிற அவசரம். அதனால் இப்போது எழுதுகிறேன்.

நான் ஊரில் கணிதம் படித்தவள். கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்து முதலில் செய்த வேலை, சான்ட்விச் தொழிற்சாலையில் பாணுக்குள் வெங்காயம் அடுக்கியது. பிறகு மாலை வகுப்பு, கணினி திருத்துவதற்கு ஒரு சான்றிதழ், பதில் வராத விண்ணப்பங்கள். அந்த வருடங்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, வாசிக்க உங்களுக்கும் விருப்பமிராது. கடைசியில் ஹரோவில் குணம் அண்ணை என்னைத் தன் கடைக்கு எடுத்தார். ஊரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் மின்சாரப் பகுதியில் இருந்தவர் அவர். நேர்முகத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வசந்தி, உமக்குக் கரண்டுக்குப் பயமோ?" ஓம் என்றேன். "அப்ப திங்கட்கிழமை வாரும். பயமில்லாத ஆக்களை நான் எடுக்கிறேல்லை" என்றார்.

அந்த நாட்களில் கடைக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்பார்கள். உள்ளிருந்து அண்ணையின் குரல் வரும். "இல்லை. தங்கச்சிதான் இருக்கிறா. பிடிக்காட்டிப் பக்கத்துக் கடைக்குப் போங்கோ." பக்கத்துக் கடை இறைச்சிக் கடை.

வேகம் கூட்டிய கணினி வேண்டும் என்று வருகிறவர்கள் எல்லோரும் புரொசசரில்தான் தொடங்குவார்கள். அண்ணை அதைக் காதில் வாங்கவே மாட்டார். "முதல் பவர் சப்ளை. பிறகு போர்ட். மூளையைக் கடைசியாப் பாப்பம்" என்பார். பவர் சப்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்து, சந்தையில் பூசணிக்காய் வாங்குகிறவர் போல உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்ப்பார். உள்ளே நல்ல செம்புச் சுருளும், சூட்டை வாங்குகிற தடித்த அலுமினியத் தகடும் இருந்தால் கனமாக இருக்கும். மலிவுச் சாமான் காற்றுப்போல இருக்கும். ஆனால் கனத்தை மட்டும் அவர் நம்புவதில்லை. ஒருமுறை ஒரு வியாபாரி கொண்டுவந்ததைத் திறந்து பார்த்தபோது உள்ளே வெறும் இரும்புத் துண்டு ஒன்றை ஆணி பூட்டி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து விசிறிக் கம்பிக்குள்ளால் ரோர்ச் அடித்துப் பார்க்காமல் ஒன்றும் வாங்கமாட்டார்.

அடுத்தது இலேபிள். ஐந்நூறு வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். "உது கலியாணக் கார்ட்டில மாப்பிளையின்ர பட்டம் போடுறமாதிரி. கீழ சின்ன எழுத்தைப் பாரும்" என்பார் அண்ணை. சின்ன எழுத்தில்தான் பன்னிரண்டு வோல்ட் வழியில் எத்தனை அம்பியர் தரும் என்பது இருக்கும். புரொசசர் கரண்ட் குடிப்பது அந்த வழியில். அது மெலிவாக இருந்தால் மொத்தம் எத்தனை வாட்ஸ் போட்டிருந்தும் பிரயோசனமில்லை.

மதர்போர்டில் அவர் பார்ப்பது இரண்டு. ஒன்று, புரொசசர் இருக்கும் இடத்தைச் சுற்றி நிற்கிற கப்பாசிற்றர்கள். அந்த வருடங்களில் வந்த போர்ட்கள் பலவற்றில் அவை வயிறு வீங்கி, மேலே வெடித்து, பழுப்பாக ஒழுகும். அதனால் புதிய போர்டிலும் ஒவ்வொன்றின் தலையையும் விரலால் தடவிப் பார்ப்பார். மற்றது, "பூட்டு இருக்கோ?" என்ற கேள்வி. அப்போதெல்லாம் வேகத்தைக் கூட்டுவது என்றால் மதர்போர்டின் அடித்தாளத்தையே முடுக்கிவிடுவது. பூட்டு இல்லாத போர்டில் புரொசசரோடு சேர்ந்து மற்ற அட்டைகளும் அவசரப்பட்டு ஓடத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க் தடுமாறும், வீடியோ உள்வாங்குகிற அட்டை படங்களைத் தவறவிடும். நல்ல போர்டில் அவற்றைத் தனியே பூட்டிவைக்கலாம், புரொசசர் மட்டும் ஓடும்.

கட்டி முடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தை ஏற்றி, முழுச் சுமையில் நாள் முழுக்க ஓடவிடுவோம். எங்கே தடக்குகிறதோ அங்கிருந்து ஒரு படி இறங்க வேண்டும். பிறகு இன்னுமொரு படி. "ஒரு படி மெசினுக்கு, ஒரு படி மனுசருக்கு" என்பது அண்ணையின் கணக்கு. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதற்கு இந்த இரண்டாவது படியும் ஒரு காரணம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த கடைக்குள் ஒரு நாள் றஞ்சி அக்கா வந்தார். அவருடைய கணவர் சிவம் கிழமை நாட்களில் பெற்றோல் ஷெட்டில் வேலை, சனி ஞாயிறில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுப்பார். எடுத்ததை வெட்டி ஒட்டி டி.வி.டி. ஆக்குவது அக்கா. ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்த குடும்பம். வாய் ஓயாத, சிரித்த முகமான மனுசி.

"தங்கச்சி, எனக்கு ஒரு குதிரை வேணும்" என்றார் என்னைப் பார்த்து. மற்றவர்களைப் போலத் தம்பியைக் கேட்கவில்லை. "கழுதை ஒண்டு வீட்டில நிக்குது. ஒரு கலியாணத்தை அதில ஏத்தினால் அடுத்த கலியாணம் வந்திடும், இது இறங்காது."

அந்தக் குதிரையை நான்தான் கட்டினேன். அண்ணை தன் கையால் நிறுத்துத் தந்த பவர் சப்ளை, பூட்டுள்ள போர்ட், இரண்டு படி இறக்கிய வேகம். பழைய கணினியில் ஒரு முழுநாள் எடுத்த வேலையைப் புதியது அரைநாளுக்குள் முடித்தது. அக்கா காசோடு ஒரு பை கத்தரிக்காயும் கொண்டுவந்து தந்துவிட்டு, பெட்டியைப் பிள்ளை போலத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். சிரிப்பு இல்லை. "வேலை செய்துகொண்டிருக்கேக்க திடீரெண்டு நிண்டு, முதல்ல இருந்து தொடங்குது தங்கச்சி. ஒட்டினதெல்லாம் போச்சு."

கடையில் போட்டோம், ஓடியது. முழுச் சுமை கொடுத்தோம், நாள் முழுக்க அசையாமல் ஓடியது. கொடுத்துவிட்டோம். வீட்டில் மறுபடி நின்றது. பவர் சப்ளையை மாற்றினேன். கடையில் ஓடியது, வீட்டில் நின்றது. எனக்கு ரோசம் வந்து போர்டையே மாற்றினேன். அப்போதும் அதே கதை.

இதற்குள் ஒரு கலியாணம் வந்து சேர்ந்தது. விம்பிள்டன் பக்கத்தில் நடந்தது. பெண்ணின் தாய் யாழ்ப்பாணத்தில். அவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். தாய் இல்லாமலே தாலி ஏறியது. அந்த அம்மா அங்கே ஒன்று செய்தார். பெண்ணின் சித்தப்பா லண்டனிலிருந்து ஊருக்குப் போய் இறங்குகிற கிழமையில் சொந்தபந்தத்தை, அயலட்டையை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைப்பதாகச் சொல்லிவிட்டார். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. சித்தப்பா கொண்டுவருகிற டி.வி.டி.யைப் போட்டுத்தான் அந்தக் கலியாண விருந்து. சித்தப்பாவின் விமானம் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, சனிக்கிழமை இரவே வீட்டிலிருந்து வெளிக்கிடுவார். சனிக்கிழமை மாலைக்குள் அவர் கையில் டி.வி.டி. இல்லையென்றால், அந்தத் தாய் இலை போட்டு வைத்துக்கொண்டு வெறும் ரி.வி.க்கு முன்னால் நிற்க வேண்டும்.

றஞ்சி அக்கா பெட்டியை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தபோது அந்தக் கலியாணமும் அதற்குள் இருந்தது. நான் அதையே சோதனைச் சுமையாக ஓடவிட்டேன். இரண்டு நாளாக எங்கள் கடைத் திரையில் அதே கலியாணம். ஓரிடத்தில் பெண், மண்டபத்திலிருந்து வெளிக்கிடும்போது கமெராவைப் பார்த்து, "அம்மா, நான் நல்லா இருக்கிறன். நீங்கள் அழாதேங்கோ, என்ன" என்று சொல்வாள். பிரிண்டர் மை வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மை வாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டு போய்விட்டார்.

"இங்கயே வச்சு முடிச்சுவிடுங்கோவன் அக்கா" என்றேன்.

"என்னண்டு தங்கச்சி? சின்னவனை ஆர் பாக்கிறது? ரேப் ஓட்டுற மெசின், ரெண்டு மொனிற்றர், எல்லாத்தையும் காவிக்கொண்டு வாறதோ? இன்னும் பாதி வெட்டி முடியேல்லை." பிறகு என் முகத்தை நேரே பார்த்தார். "நீங்கள் நினைக்கிறது தெரியும். என்ர வீட்டிலதான் பிழை எண்டு. என்ர வீட்டில ஒரு பிழையும் இல்லை. எல்லாம் ஜேர்மன் சாமான்."

ஜேர்மனியிலிருந்து வந்த எங்கள் ஆட்களிடம் இந்த வரிக்கு மேல் பேச முடியாது. கத்தரிக்கோல் முதல் கட்டில் வரை ஜேர்மன் என்றால் ஜேர்மன்தான். லண்டன் சாமான்களை அவர்கள் ஒரு புன்சிரிப்போடு பார்ப்பார்கள். நான் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசியில் வந்தார். இந்தமுறை கோபம் இல்லை, அழுகைதான். "பாதியில நிண்டிட்டுது தங்கச்சி. அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

நான் எதுவும் சொல்ல முன்னரே அண்ணை தொலைபேசியை வாங்கினார். "பிள்ளை, நாளைக்குக் காலமை வாறம். மெசினைப் பாக்க இல்லை. உங்கட வீட்டுத் தேத்தண்ணி குடிக்க."

சனிக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். அண்ணை சொன்னபடியே பெட்டிக்குப் பக்கத்தில் போகவில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். சின்னவனிடம் பள்ளிக்கூடக் கதை கேட்டார். எனக்கு நெருப்பில் நிற்பது போல இருந்தது. அக்கா வேலையைத் தொடங்கினார், பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே "டக்" என்று ஒரு சத்தம், பிறகு ஒரு உறுமல். மேசை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. பெட்டி நின்று, முதலிலிருந்து தொடங்கியது.

அண்ணை கோப்பையை வைத்தார். "உதென்ன சத்தம்?"

"பிறீசர் அண்ணை. மீனும் ஆட்டிறைச்சியும் கிடக்கு. ஜேர்மன் பிறீசர்."

அண்ணை முழங்காலில் இருந்து கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினார். அங்கே ஜேர்மனியிலிருந்து கொண்டுவந்த, பல பிளக்குகளைச் செருகுகிற நீளமான வெள்ளைப் பலகை, வட்ட வட்டத் துளைகளோடு. பிறீசர், ரி.வி., ரேப் மெசின், இரண்டு மொனிற்றர், விளக்கு, எங்கள் குதிரை எல்லாம் அதில்தான். அந்தப் பலகையின் வட்டத் தலை, பயணத்துக்குக் கொண்டுபோகிற ஒரு சின்ன மாற்றுப் பிளக்குக்குள் நுழைந்து, அதன்மூலம் இங்கிலாந்துச் சுவரில் ஏறியிருந்தது. மாற்றுப் பிளக்கின் ஒரு பக்கம் பழுப்பாக உருகி, தொட்டால் ஆடியது. பிறீசர் மூச்சு வாங்குகிற ஒவ்வொரு முறையும் அந்த ஆட்டத்தில் கரண்ட் ஒரு கணம் விழுந்தது. சும்மா இருக்கிற கணினி அதைத் தாங்கும். முழு வேகத்தில் ஓடுகிறது தாங்காது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் பெட்டியோடு கொடுத்த சதுர முள்ளு வயர் அந்த வட்டத் துளைக்குள் போகாது. அதனால் அக்கா அதை அலுமாரியில் வைத்துவிட்டுத் தன்னுடைய ஜேர்மன் வயரைப் பாவித்திருக்கிறார். திருத்த வருகிற கணினி எதுவும் வயரோடு வருவதில்லை. எங்கள் கடை வயரில் போட்டு, எங்கள் சுவரில் குத்தி, நாங்கள் மாறி மாறி நல்ல பவர் சப்ளைகளைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தோம். அண்ணை எத்தனை நிறுத்துத் தந்து என்ன? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

றஞ்சி அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. "உது திறமான பலகை அண்ணை. அங்க எத்தினை வருசம் ஒரு கரைச்சலும் தரேல்லை."

"பலகையில ஒரு பிழையும் இல்லைப் பிள்ளை" என்றார் அண்ணை. "ஜேர்மன்காரன் திறமாத்தான் செய்திருக்கிறான். இங்கத்தைச் சுவரோட சேர்ந்த இடத்திலதான் சூடாகியிருக்கு."

அக்காவின் முகம் தெளிந்தது. அண்ணை வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. உண்மையும் அதுதான்.

அண்ணை உருகின மாற்றுப் பிளக்கை எறிந்துவிட்டு, பலகையினதும் பிறீசரினதும் வட்டத் தலைகளை வெட்டி, சதுர முள்ளுத் தலைகளைப் பூட்டி, பிறீசரைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அங்கத்தைச் சுவரில் கொடுத்தார். வெட்டும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பெட்டிக்கு அலுமாரியிலிருந்து எங்கள் வயர் வந்தது, தனிச் சுவர் கிடைத்தது. அக்கா வெட்டி ஒட்டத் தொடங்கினார். அன்று அவருடைய விரல்கள் ஓடிய வேகத்துக்கு எந்தப் புரொசசரும் காணாது. நான் சின்னவனுக்குச் சோறு தீத்தினேன். மத்தியானம் தாண்டி எல்லாம் தயார், இனி பெட்டிதான் டி.வி.டி.யாக ஆக்கித் தரவேண்டும்.

அங்கேதான் எனக்கும் அண்ணைக்கும் சண்டை. நான் வேகத்தை இறக்குவோம் என்றேன். இத்தனை முறை நின்ற பெட்டி. இன்னொருமுறை நின்றால் மறுபடி தொடங்க நேரமில்லை. சாதாரண வேகத்தில் ஓடட்டும், பத்திரமாக இருக்கும்.

"சாதாரண வேகத்தில ஓடினா எப்ப முடியும்?"

கணக்குப் பார்த்தேன். சித்தப்பா விமான நிலையத்துக்கு வெளிக்கிட்ட பிறகுதான் முடியும்.

"அப்ப ஏன் கதைக்கிறீர்?"

"நிண்டிட்டா அண்ணை?"

"வசந்தி, இந்த போர்டைத் தெரிவு செய்தது ஆர்?"

"நான்தான்."

"கப்பாசிற்றர் பாத்தனீரோ?"

"ஓம்."

"பூட்டு இருக்கோ?"

"ஓம்."

"ரெண்டு படி இறக்கினனீரோ?"

"இறக்கினனான்."

"அப்ப விடும். நல்லா இருக்கிற சாமானை நம்பாட்டி ஏன் பாத்து வாங்குவான்?"

பொத்தானை அக்கா அழுத்தினார். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நகர்ந்தது. சமையலறையில் பிறீசர் "டக்" என்றது. மூன்று பேரும் விளக்கைப் பார்த்தோம். விளக்கு அசையவில்லை, கோடு நகர்ந்துகொண்டே இருந்தது. றஞ்சி அக்கா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அண்ணை இன்னொரு தேத்தண்ணி கேட்டார், வந்ததைக் குடிக்காமலே ஆறவிட்டார். இருட்ட முன்னரே டி.வி.டி. தட்டு வெளியே வந்தது. வேறொரு கலியாண வீட்டால் அப்போதுதான் வந்துசேர்ந்த சிவம் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு ஓடினார்.

சித்தப்பா திரும்பி வந்த கிழமை றஞ்சி அக்கா ஒரு தகரப் பேணியோடு கடைக்கு வந்தார். விருந்தன்று அங்கே கரண்ட் இல்லையாம். ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, ரி.வி.யை முற்றத்தில் வைத்து, ஒழுங்கைச் சனம் முழுக்க இருந்து பார்த்ததாம். மகள் "அழாதேங்கோ" என்று சொல்லுகிற இடத்தை அந்த அம்மா மறுபடி மறுபடி போடச் சொன்னாராம். பிறகு, லண்டனில் கலியாணத்துக்கு ஆரார் வேலை செய்தது என்று தொலைபேசியில் அக்காவிடம் விபரம் கேட்டாராம். அக்கா சொல்லியிருக்கிறார். ஐயர், மேளகாரர், சமையல்காரர், சோடினைக்காரர், வீடியோக்காரர், பிறகு கொம்பியூட்டர் கட்டின ஆக்கள்.

"ஒவ்வொருத்தருக்கும் வேற வேறையாக் கட்டி அனுப்பியிருக்கிறா" என்றார் அக்கா. "'கலியாண வீட்டில வேலை செய்தவைக்குப் பெண்ணின்ர தாய்தானே பாத்துக் குடுக்கோணும். நான் அங்க நிக்கேல்லை. என்ர கையால சுட்டது எண்டு சொல்லிக் குடுங்கோ' எண்டு சொல்லிவிட்டவ."

பேணியைத் திறந்தால் பயத்தம் பணியாரம். அண்ணைக்குக் கடுமையான நீரிழிவு, டொக்டர் சீனியைக் கண்ணால் பார்க்கவும் விடாத காலம் அது. அவர் எழும்பிப் போய்க் கை கழுவிவிட்டு வந்து ஒன்றை எடுத்தார்.

"அண்ணை, உங்களுக்குக் கூடாது" என்றேன்.

"பேசாமல் இரும். பெண்ணைப் பெத்தவ தந்தது."

அவர் அதை மெல்ல மெல்லச் சாப்பிட்டார். நானும் ஒன்று எடுத்தேன். வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அந்தத் தாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் கீபோர்ட் வாங்க உள்ளே வந்தார். அண்ணை பேணியை அவருக்கும் நீட்டினார்.

"என்ன விசேஷம் அண்ணை?" என்றார் அவர், ஒன்றை எடுத்துக்கொண்டே.

"எங்கட பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுது" என்றார் குணம் அண்ணை.